குப்பையும் நம் கடமையும்

(செம்பரம்பாக்கத்தையும் அதனை அடுத்த ஊர்களையும் சேர்ந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் நம் அங்கத்தினர்கள் கூடிய மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு.)



இன்று நான் பேசுதற்கு எடுத்துக்கொண்ட விஷயம் குப்பை. கல்வி நிதி, மாணவர் விடுதி, திருமணச் செலவைச் சுருக்குதல் என்பன போன்ற விஷயங்களையே கேட்டுப் பழகிய இச்சபையில், வீட்டுக் குப்பையைப் பற்றி ஒரு பிரசங்கமா என்று உங்களுட் சிலர் வியக்கக்கூடும். குலத்தின் மேன்மையைப் பேசும் இடத்தில் குப்பையைப் பேசலாமோ என்று வேறு சிலர் எண்ணவுங் கூடும். அவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிக்கொள்ளுகிறேன். ஒரு சமூகத்தாரின் மேன்மை, அவர்கள் தலைவாயிலில் இட்ட கோலத்தால் மாத்திரம் அறியப்படுவதன்று. அவர்கள் கொல்லைப்புறமாக எறிந்த பொருள் யார் கையிற் போய்ச் சேர்கிறது, எந்த நீரிற் போய்க் கலக்கிறது என்பதனாலும் அறியப்படுவதாம்.

செம்பரம்பாக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரையிலுள்ள இப்பிரதேசம் ஒரு தலைமுறைக்கு முன் ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த பூமி என்பதை இங்குள்ள முதியோர் அறிவர். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் தொழிற்சாலை கார் செய்யத் தொடங்கிற்று. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலை எழுந்தது. தொழிற்சாலைகளின் பின்னே தொழிலாளரும், தொழிலாளரின் பின்னே வீடுகளும் வந்தன. 2024 ஆகஸ்டு மாதத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குதற்குரிய விடுதி ஒன்று திறக்கப்பட்டது. ஒரு சிறு நகரத்தின் ஜனத்தொகை ஒரே மதிலுக்குள் குடியேறியதற்கு அஃது ஒப்பாகும். பெருஞ்சாலையின் இருமருங்கிலும் எழுந்துள்ள நம் குடியிருப்புகளும் அவ்வாறே. நாற்பது ஏக்கரில் பரந்து வாழ்ந்த ஜனங்கள் இன்று நான்கு ஏக்கரில் ஒருவர் தலைமேல் ஒருவராக வாழ்கிறோம். வாழும் முறை மாறிற்று. குப்பையைப் போக்கும் முறையோ மாறவில்லை. இதுவே நம் துன்பத்துக்கு மூலம்.

முன்னோர் செய்தது யாது?

மறுசுழற்சி என்பது மேல்நாட்டார் நமக்குக் கற்பிக்க வந்த புதுமை என்று எண்ணற்க. நம் பாட்டனார் காலத்தில் ஒவ்வொரு வீட்டின் பின்புறத்திலும் ஓர் எருக்குழி இருந்தது. கூட்டிய குப்பை, அடுப்புச் சாம்பல், காய்கறித் தோல், மாட்டுச் சாணம் யாவும் அக்குழியிற் சேர்ந்து, கோடையில் வண்டியேறி வயலுக்குச் சென்றன. பழைய இரும்பையும் பித்தளையையும் வாங்கிக்கொண்டு பேரீச்சம்பழம் கொடுக்கும் வியாபாரி தெருத்தெருவாகக் கூவி வந்தான். கிழிந்த வேட்டி விளக்குத் திரியாகவும் கைத்துணியாகவும் ஆயிற்று. பழைய காகிதம் மளிகைக் கடைக்குப் போய்ப் பொட்டலமாகித் திரும்பி வந்தது. எஞ்சியது ஏதும் இல்லை என்றே சொல்லலாம்.

இம்முறையின் உயிர்நாடி யாது? மக்குவது குழிக்கு, மக்காதது வியாபாரிக்கு என்று வீட்டார் தாமே பிரித்தமைதான். ஒருவரும் இதற்கெனச் சட்டம் செய்யவில்லை. சாணக்குழியில் பித்தளைச் செம்பை எறியும் மூடர் எவரும் இருந்ததில்லை. அடுக்குமாடிக்கு வந்த பின்னர் குழி போயிற்று. வியாபாரியை வாயிற் காவலர் உள்ளே விடுவதில்லை. எல்லாவற்றையும் ஒரே கறுப்புப் பையிற் கட்டிப் படிக்கட்டின் மூலையில் வைத்துவிட்டால் நம் கடமை தீர்ந்தது என்ற எண்ணம் மாத்திரம் வளர்ந்தது.

குப்பை என்பது யாது?

குப்பை என்று ஒரு தனிப் பொருள் உலகத்தில் இல்லை. வாழைப்பழத் தோல் தனியே இருந்தால் எரு. செய்தித்தாள் தனியே இருந்தால் காகிதம். பால் உறை கழுவி உலர்ந்திருந்தால் பிளாஸ்டிக் சரக்கு. இம்மூன்றையும் நேற்றைச் சாம்பாரோடு ஒரு பையில் இட்டுக் கட்டி ஓரிரவு வைப்பீர்களாயின், மறுநாட் காலையில் மூன்றும் கெட்டு, நாற்றமுடைய நான்காவது பொருள் ஒன்று பிறக்கிறது. அதற்கே குப்பை என்று பெயர். பொருள்கள் கெடுவது எறிவதனால் அன்று, கலப்பதனாலேயே என்பதை நன்கு மனத்திற் பதித்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். இன்றைய பேச்சின் சாரம் இவ்வளவே.

பிரித்த பொருளின் மதிப்பைச் சிறிது கேளுங்கள். மண்ணிலிருந்து எடுத்த தாதுவைக் கொண்டு அலுமினியம் செய்வதற்கு வேண்டிய சக்தியில், பழைய அலுமினியத்தை உருக்கிச் செய்தால் சுமார் 95 சதவிகிதம் மிச்சமாகிறது. கண்ணாடியை எத்தனை முறை உருக்கினும் அதன் குணம் குன்றுவதில்லை. காகிதத்தின் நார் ஒவ்வொரு முறையும் குறுகுமாயினும், ஐந்தாறு முறை மீண்டும் காகிதமாகும். ஒருவரும் வாங்காத மெல்லிய பிளாஸ்டிக் உறைகளுக்குங்கூட மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன் ஒரு வழி கண்டார். அவற்றைத் துண்டித்துச் சூடான சல்லியின் மேல் உருகச் செய்து தாரோடு கலந்து சாலையிடும் முறை அது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆனால் இவை யாவும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டவை. பொருள் சுத்தமாகவும் தனியாகவும் வந்து சேரவேண்டும். சாம்பாரில் ஊறிய காகிதத்தை எந்த ஆலையும் ஏற்பதில்லை.

பிரியாத குப்பையின் கதி யாது? அது திறந்த வெளியில் மலையாகக் குவிகிறது. குவியலின் அடியில் காற்றுப் புகாத இடத்தில் ஈரக் குப்பை அழுகும்போது மீதேன் என்னும் எரிவாயு பிறக்கிறது. வளிமண்டலத்தைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவினும் பன்மடங்கு வலியது. சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த பெருங்குடிக் குப்பைக் கிடங்கு 2022 ஏப்ரல் மாத இறுதியில் தீப்பற்றிப் பல நாள் புகைந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அப்புகையைச் சுவாசித்தவர்கள் அக்குப்பையை உண்டாக்கியவர்கள் மாத்திரம் அல்லர்.

நமக்கோ இதனினும் நெருங்கிய ஒரு பொறுப்பு உண்டு. செம்பரம்பாக்கம் ஏரி 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடையது. சென்னை நகருக்குக் குடிநீர் அளிக்கும் பெரிய ஏரிகளுள் ஒன்று. ஏரிக்கரையின் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்தி செய்யத்தக்கதாக அமைக்கப்பெற்றது. ஏரி நிரம்பினால் உபரி நீர் அடையாற்றின் வழியே நகரின் ஊடாகக் கடலைச் சேர்கிறது. 2015 டிசம்பர் முதல் தேதியன்று விநாடிக்கு சுமார் 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டபோது நகரத்தார் பட்ட பாட்டை நாடறியும். அவ்வெள்ளத்துக்குக் குப்பை காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. மழைநீர் செல்லும் கால்வாயில் பிளாஸ்டிக் அடைத்துக்கொண்டால் சிறு மழையும் பெருவெள்ளமாகும் என்பதற்குப் பண்டிதர் எவரும் சாட்சி சொல்லவேண்டுவதில்லை. நம் தெருவே சாட்சி. ஏரியின் பக்கத்தில் வாழ்வோர் நாம். லட்சக்கணக்கானோர் பருகும் நீருக்குக் காவலராயிருக்கும் பேறு நமக்கு வாய்த்திருக்கிறது. அந்நீருக்கு மாசு செய்வோராய் இருத்தல் தகுமா?

சட்டம் சொல்வது

1996-இல் அல்மித்ரா படேல் என்னும் அம்மையார் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் பயனாக, நகரத் திடக்கழிவு பற்றிய விதிகள் 2000-ஆம் ஆண்டில் முதன்முதல் பிறந்தன. 2016-இல் அவற்றினும் விரிவான விதிகள் வந்து, குப்பையை உண்டாக்குவோரே பிரிக்கவேண்டும் என்று விதித்தன. அவற்றுக்குப் பதிலாக 2026-ஆம் ஆண்டின் விதிகள், அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் அமுலுக்கு உரியனவாக வெளியிடப்பட்டுள்ளன. இவ்விதிகளின்படி குப்பை நான்கு வகையாகப் பிரிக்கப்படல் வேண்டும். ஈரக் குப்பை ஒன்று. உலர் குப்பை இரண்டு. அணையாடை, மாதவிடாய்த் துணி முதலிய சுகாதாரக் குப்பை மூன்று. மின்கலம், குழல்விளக்கு, காலாவதியான மருந்து, பெயிண்டு டப்பா முதலிய தனிக் கவனத்துக்குரிய குப்பை நான்கு.

பெருமளவிற் குப்பை உண்டாக்குவோர் என்று ஒரு பிரிவையும் அவ்விதிகள் வகுத்திருக்கின்றன. 20,000 சதுர மீட்டர் தரைப்பரப்பு, அல்லது நாளொன்றுக்கு 40,000 லிட்டர் நீர்ச் செலவு, அல்லது நாளொன்றுக்கு 100 கிலோ குப்பை, இவற்றுள் ஒன்றை எட்டினாலும் போதும். ஆளொன்றுக்கு நாளைக்கு 135 லிட்டர் நீர் என்று கணக்கிட்டால், 300 பேர், அஃதாவது சுமார் 75 குடும்பங்கள் உள்ள குடியிருப்பே அவ்வளவை எட்டிவிடும். ஆகவே நம்முட் பலர் தெரிந்தோ தெரியாமலோ இப்பிரிவுக்குள் வந்துவிட்டோம். எனினும் அபராதத்துக்கு அஞ்சிச் செய்யும் காரியம் அதிகாரி தலை மறைந்தவுடன் நின்றுவிடும். நமக்கே பயன் என்று கண்டு செய்வது நிற்காது.

பம்மல் மாதர் காட்டிய வழி

இது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்போருக்கு நான் தொலைதேசத்து உதாரணம் காட்டப்போவதில்லை. ஜப்பானில் காமிகாட்சு என்னும் சிற்றூரார் தங்கள் குப்பையை நாற்பதுக்கு மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கின்றனர் என்பது உண்மையே. ஆனால் நமக்கு மிக அருகில், அதே அடையாற்றுப் பள்ளத்தாக்கில், பம்மல் இருக்கிறது. அங்கே ஸ்ரீ சங்கரா நகர் மகளிர் மன்றத்தைச் சேர்ந்த பத்துப் பெண்மணிகள் 1994-இல் தங்கள் தெருக்களின் குப்பையைத் தாங்களே நிர்வகிக்கப் புகுந்தனர். வங்கி அலுவலராயிருந்த எம். பி. நிர்மல் 1989-இல் சென்னையில் தோற்றுவித்த எக்ஸ்னோரா இயக்கத்தின் முறை அவர்களுக்கு வழிகாட்டியாயிற்று. அம்முயற்சியில் முன்னின்றவர்களுள் ஒருவர் திருமதி மங்களம் பாலசுப்பிரமணியன்.

அவர்கள் செய்தது யாதெனின், வீடு வீடாகச் சென்று பிரித்துத் தரும்படி வேண்டினர், மூன்று சக்கர வண்டியோடு ஆள் அமர்த்தினர், அவருக்குக் கொடுக்க வீடுதோறும் மாதச் சந்தா பெற்றனர், மக்கும் குப்பையை மண்புழுவைக் கொண்டு உரமாக்கினர், மக்காததை விற்றனர். பெரும் இயந்திரம் ஏதும் அவர்களிடம் இருக்கவில்லை. அவர்களிடம் இருந்தவை இரண்டு: ஒவ்வொரு வீட்டின் கதவையும் மீண்டும் மீண்டும் தட்டும் பொறுமை, அடுத்த நாளும் வண்டி தவறாது வரும் என்ற நம்பிக்கையை ஜனங்களுக்கு உண்டாக்கிய ஒழுங்கு. நூற்றுக்கணக்கான தனி வீடுகளைக் கொண்ட தெருக்களில் அவர்கள் சாதித்ததை, ஒரு மதிலுக்குள் ஒரு வாயிலோடு வாழும் நாம் சாதிக்க இயலாதென்றால் அது நாணத்தக்கதே.

நாம் செய்ய வேண்டுவன

இனி, நம் குடியிருப்பு ஒன்றில் இதனைத் தொடங்கும் முறையை ஒழுங்காகச் சொல்லுகிறேன்.

முதலாவது, நிறுத்துப் பார்த்தல். ஏழு நாள் தொடர்ந்து நம் வளாகத்தின் குப்பையைத் தராசில் இட்டு, ஈரம் எவ்வளவு, உலர்ந்தது எவ்வளவு என்று எழுதுங்கள். 300 வீடுகளும், வீட்டுக்கு நால்வரும், ஆளுக்கு 400 கிராமும் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 480 கிலோ ஆகும். அதில் ஏறக்குறைய பாதி அடுக்களையின் ஈரக் குப்பையாகவே இருக்கக் காண்பீர்கள். கணக்கு இன்றித் தொடங்கும் காரியம் எண்ணெயளவு பாராமல் ஏற்றிய விளக்குப் போல நடுவில் அணையும்.

இரண்டாவது, பொதுத் தொட்டிகளை அகற்றுதல். படிக்கட்டு மூலையிலும் மாடிதோறும் உள்ள பெரிய தொட்டிகளும், மேல் மாடியிலிருந்து குப்பையைக் கீழே தள்ளும் குழாயும் கலப்பைப் போற்றி வளர்க்கும் சாதனங்கள். எறிந்தவர் யார் என்று அறிய முடியாத இடத்தில் ஒருவரும் பிரிக்கமாட்டார். அவற்றை மூடிவிட்டு, வாயிலுக்கு வாயில் சென்று பெறும் முறையை நிறுவுக. ஈரக் குப்பை தினந்தோறும் காலையிலும், உலர்ந்தது வாரம் இருமுறையும் பெறப்படலாம். குறித்த வேளை ஒருநாளும் தவறலாகாது.

மூன்றாவது, வீட்டுக்கு வேண்டிய சாதனங்கள். பச்சைத் தொட்டி ஈரத்துக்கு. நீலத் தொட்டி அல்லது ஒரு கோணிப்பை உலர்ந்ததற்கு. மூடியுள்ள சிறிய சிவப்புத் தொட்டி சுகாதாரக் குப்பைக்கு. பச்சைத் தொட்டியினுள் பிளாஸ்டிக் பை போடவேண்டாம். அடியில் ஒரு செய்தித்தாளை விரித்தாற் போதும். பால் உறையை வெட்டும்போது மூலைத் துண்டை அறவே நீக்காது ஒட்டியபடி விடுக. அச்சிறு துண்டுகளே பொறுக்க முடியாமல் மண்ணிலும் மாட்டின் வயிற்றிலும் போய்ச் சேர்கின்றன. சுகாதாரத் துணியைக் காகிதத்திற் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு குறி இடுக. உடைந்த கண்ணாடியைத் தடித்த காகிதத்திற் பொதிந்து மேலே எழுதி வைக்க. ஊசி மருந்து போட்டுக்கொள்வோர் ஊசிகளைக் கெட்டியான மூடி போட்ட டப்பாவில் சேர்த்துத் தருக. இவை யாவும் ஒரு நிமிஷ வேலை. பிறர் கையில் ஒரு காயம் மிச்சம்.

நான்காவது, உரத் தொட்டிகள். காற்றுப் புகும்படி இடைவெளி விட்டுக் கட்டிய செங்கல் தொட்டிகளோ, கம்பி வலைத் தொட்டிகளோ போதும். ஒரு கூடை ஈரக் குப்பைக்கு ஒரு கூடை உலர்ந்த இலைச்சருகு என்று மாறி மாறி அடுக்குக. புளித்த மோரோ சாணக் கரைசலோ தெளித்தால் நுண்ணுயிர்கள் விரைவிற் பெருகும். கையில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் பிழிந்த துணிபோல் ஈரம் இருக்கவேண்டும். நீர் சொட்டினால் சருகு சேர்க்க. பொடியாய் உதிர்ந்தால் நீர் தெளிக்க. இரண்டொரு நாளில் உள்ளே கை வைக்க இயலாத சூடு எழும். அச்சூட்டினால் கிருமிகள் மடியும். நாற்றம் வந்தால் காற்றில்லை என்று பொருள், கிளறிவிடுக. 45 முதல் 60 நாளில் மண்வாசனையுடைய கறுத்த உரம் கிடைக்கும். தேங்காய்க் குடுமி, இளநீர்க் கூடு, மாங்கொட்டை ஆகியவை மக்க நெடுநாளாகும். அவற்றை வேறாக வைத்து நறுக்கி இடுக. ஒரு தொட்டி நிறைய மூன்று நாள் ஆகுமாயின், 45 நாட்களுக்குப் பதினைந்து தொட்டிகளும், 60 நாளாயின் இருபதும் வேண்டும். அவற்றுக்கு மேல் ஒன்றிரண்டு கையிருப்பாகவும் இருத்தல் நன்று. இக்கணக்கு தெரியாது நான்கு தொட்டி கட்டிவிட்டு, இது நடவாத காரியம் என்று கைவிட்ட இடங்கள் பல.

ஐந்தாவது, உலர் சரக்கு அறை. கூரையும் காற்றோட்டமும் உள்ள ஓர் அறையில், காகிதம், அட்டை, கெட்டிப் பிளாஸ்டிக், மெல்லிய பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் என்று எழுதிய கோணிகள் தொங்கட்டும். மின்சாரப் பலகை அவ்வறையில் இருத்தல் கூடாது; தீயணைக்கும் சாதனம் வாயிலில் இருக்கட்டும். காயலான் கடைக்காரர் இருவரிடம் விலை கேட்டு, கிலோவுக்கு இன்ன விலை என்று எழுதி வாங்கி, இன்ன நாளில் வருவார் என்று உறுதி செய்க. பழுதான தொலைபேசி, மின்கலம் முதலியவற்றைக் காயலான் கடையில் கொடாமல், ஆண்டுக்கிருமுறை சேர்த்து, அரசின் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனத்தாருக்கே அனுப்புக.

ஆறாவது, கணக்கு. எத்தனை கிலோ விற்றது, எவ்வளவு பணம் வந்தது, எங்கே செலவாயிற்று என்பதை மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுக. பிரித்துக் கொடுத்தவர் பயனைக் கண்ணாற் காணவேண்டும். பொதுக் காரியங்கள் பெரும்பாலும் சோம்பலால் அழிவதில்லை, சந்தேகத்தால் அழிகின்றன.

ஏழாவது, வாடகைக்கு வருவோர். நம் பிரதேசத்தில் வீடுகளிற் பெரும்பகுதி வாடகைக்கு விடப்படுபவை. ஒடிசா, பீகார், அசாம் முதலிய இடங்களிலிருந்து தொழிற்சாலைக்கு வந்த இளைஞர் பலர் ஒரே வீட்டிற் கூடி வாழ்கின்றனர். தமிழில் மாத்திரம் எழுதிய அறிவிப்பை அவர்கள் எங்ஙனம் படிப்பர்? படத்தோடு, அவரவர் பாஷையிலும் எழுதுக. சாவி கொடுக்கும்போதே மூன்று தொட்டிகளையும் கொடுத்து முறையை விளக்குக. வியப்பு யாதெனில், தொழிற்சாலையில் இரும்புச் சீவலை ஒரு தொட்டியிலும் எண்ணெய்த் துணியை வேறு தொட்டியிலும் தவறாது இடும் அதே கைகள், வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் ஒரே பையில் இடுகின்றன. அறிவு இல்லாமை அன்று காரணம். தொழிற்சாலையில் முறை உண்டு, வீட்டில் முறை இல்லை, அவ்வளவே.

யாருடைய வேலை?

இனி நான் சொல்லவேண்டியது, இச்சபையில் சொல்லியே தீரவேண்டியது. பிரிக்கும் வேலையை நாம் செய்யாதிருப்பதற்கு நேரமின்மை காரணம் என்கிறோம். உண்மைக் காரணம் அதுவன்று. அது நம்முடைய வேலை அன்று, இன்னார் வேலை என்று தலைமுறை தலைமுறையாக நம் மனத்திற் படிந்த எண்ணமே காரணம். இந்த எண்ணத்துக்குக் குலமே அடிப்படையாயிருந்தது என்பதைக் குலத்தின் பெயரால் கூடியிருக்கும் நாம் மறைத்தல் அழகன்று.

1901-இல் கல்கத்தாக் காங்கிரசுக்குச் சென்ற காந்தியடிகள், அங்கே கக்கூசுகள் அசுத்தமாய்க் கிடப்பதைத் தொண்டர்களிடம் சொன்னபோது, அது தோட்டியின் வேலை என்று விடை வந்தது. அவர் வாதாடவில்லை, ஒரு துடைப்பத்தைக் கேட்டு வாங்கித் தாமே சுத்தம் செய்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்துவிட்டது. தீண்டாமையை ஒழித்ததாக நம் அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு கூறுகிறது. ஆயினும் நாம் கலந்து எறிந்த பையை அவிழ்த்து, அழுகிய சோற்றுக்கும் குழந்தையின் அணையாடைக்கும் இடையே கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் குப்பியைப் பொறுக்கி எடுக்கும் மனிதர் நம் வளாகத்தின் பின்மதில் ஓரத்தில் இன்றும் நிற்கிறார். அவர் கையுறை இன்றி நிற்பதற்கு நாம் பொறுப்பு. நாம் கலவாதிருந்தால் அவர் அங்ஙனம் கையை விடவேண்டுவதே இல்லை.

ஆதலின் உலர் சரக்கு விற்ற பணத்தின் மீது முதல் உரிமை தூய்மைப் பணியாளர்க்கே என்று நம் குடியிருப்புச் சங்கங்கள் தீர்மானிக்கவேண்டும். கையுறை, காலணி, கைகழுவச் சோப்பும் நீரும் உள்ள இடம், உடை மாற்ற ஓர் அறை, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு ஆகிய இவை கருணை அல்ல, கடன். அவரைப் பெயர் சொல்லி மரியாதையோடு அழைக்கவும் நம் குழந்தைகளுக்குக் கற்பிப்போமாக.

சில ஆட்சேபங்கள்

"பராமரிப்புக் கட்டணம் செலுத்துகிறோமே, நாங்கள் ஏன் பிரிக்கவேண்டும்?" என்பார் சிலர். வைத்தியருக்குக் கட்டணம் கொடுத்துவிட்டால் மருந்தையும் அவரே நமக்காக விழுங்குவாரோ? அவரவர் செய்யவேண்டுவதை அவரவரே செய்யவேண்டும்.

"நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் வண்டிக்காரர் எல்லாவற்றையும் ஒன்றாகவே கொட்டுகிறார்" என்பார் வேறு சிலர். இது பல இடங்களில் மெய்யான முறையீடு. இதற்காகவே ஈரக் குப்பையை நம் மதிலுக்குள்ளேயே உரமாக்கிவிடவேண்டும் என்கிறேன். ஈரம் வெளியே போகாவிடில் கலப்பதற்கு இடமே இல்லை.

"மணக்கும், ஈ மொய்க்கும்" என்பார் மற்றுஞ் சிலர். ஒழுங்காகச் சருகு இட்ட தொட்டி மணப்பதில்லை. மணப்பது நீங்கள் இப்போது படிக்கட்டில் வைக்கும் பைதான்.

"ஒரு சிலர் செய்யமாட்டார்களே" என்பது கடைசி ஆட்சேபம். அவர்களோடு சண்டையிடற்க. கலந்த பையைப் பணிவோடு திருப்பிக் கொடுத்து, இரண்டாம் முறை மாடிப் பொறுப்பாளரான அம்மையார் ஒருவர் நேரிற் சென்று விளக்கட்டும். மூன்றாம் முறையும் தவறினால் பொதுக்குழு விதித்த கட்டணம் வசூலிக்கட்டும். முதல் மாதத்தில் பாதிப்பேர் செய்தாலே போதும். அண்டை வீட்டுக் கதவின் வெளியே பச்சைத் தொட்டி நிற்பதைத் தினமும் காண்பவர் நெடுநாள் சும்மா இருக்கமாட்டார்.

முடிவுரை

சகோதர சகோதரிகளே! நான் உங்களை வேண்டிக்கொள்வன மூன்று. இன்று இரவே உங்கள் வீட்டில் ஈரத்தையும் உலர்ந்ததையும் வேறாக்குங்கள்; இதற்கு எந்தச் சங்கத்தின் தீர்மானமும் வேண்டுவதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் குடியிருப்புப் பொதுக்குழுவில் ஏழு நாள் நிறுத்துப் பார்க்கும் பிரேரணையைக் கொண்டுவாருங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் குடியிருப்பின் கணக்கை எழுதிக் கொணர்ந்து இச்சபையில் வாசியுங்கள். அவற்றை நம் பத்திரிகையில் வெளியிடுமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று சொல்லி வளர்ந்தவர் நாம். உடுக்கும் துணிக்குக் காட்டிய அக்கறையை எறியும் பொருளுக்கும் காட்டினால், நம் வளாகத்தின் மரங்களுக்கு எரு கிடைக்கும். நமக்காக உழைப்பவர் கை புண்படாதிருக்கும். கிழக்கே நகரத்தில் முகமறியாத ஒருவர் பருகும் ஒரு குவளைத் தண்ணீர் தெளிந்திருக்கும். குலத்துக்கு மேன்மை தேடுவோர்க்கு இதனினும் எளிய வழி வேறில்லை.